நீள மண்டை, சப்பை மண்டை: நோயா, கட்டியதா, மண் அழுத்தியதா?

கேள்வி: தொல்லியல் முதுகலை படிக்கிறேன். அகழாய்வில் கிடைக்கும் ஒரு மண்டையோடு விநோதமான வடிவத்தில் இருந்தால் அது பிறவிக் கோளாறா, குழந்தையில் கட்டி மாற்றியதா, மண்ணின் பாரத்தில் நசுங்கியதா என்று எப்படிப் பிரிக்கிறார்கள்? என்னென்ன அளவு எடுக்கிறார்கள்? பெரு நாட்டின் நீள மண்டையோடுகள் மனிதருடையவையே அல்ல என்று வாட்ஸப்பில் சுற்றும் வீடியோவில் ஏதாவது உண்மை உண்டா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில். இல்லை, பெருவின் பராகாஸ் என்ற பகுதியில் கிடைத்த அந்த மண்டையோடுகள் மனிதருடையவைதாம். ஏன் என்பது உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்குள்ளேயே இருக்கிறது, அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

நான் பல வருஷம் உடற்கூறியல் பாடம் எடுத்தவன். எலும்பு அளக்கக் கற்றுக்கொண்டது அதற்கும் முன்னால். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் முதல் மூன்று நாள் காலிப்பரை, அதாவது இரு கால்களுக்கு நடுவே தூரம் காட்டும் அளவுக் கருவியை, தொடவே விடவில்லை. ஒரு மண்டையோட்டைத் துணிச் சும்மாட்டின் மேல் வைத்து, "பார்த்ததை எழுது" என்பார், அவ்வளவுதான். எரிச்சலாக இருக்கும். நான்காம் நாள் கருவி கைக்கு வந்தபோதுதான் அவர் செய்தது புரிந்தது. கோணல் மண்டையை அளந்தால் எவ்வளவு கோணல் என்று தெரியும். எதனால் கோணல் என்று தெரியாது. ஒரே எண் நாலு வெவ்வேறு காரணங்களால் வரும். காரணத்தைக் கண்ணாலும் விரலாலும் தேடிவிட்டு, அப்புறம்தான் எண்ணுக்குப் போக வேண்டும்.

முதல் சந்தேகம் எப்போதும் மண்ணின் மேல்தான் விழ வேண்டும். ஈர மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும் எலும்பு நாம் நினைப்பதுபோல் கல்லாக இருக்காது. இந்தோனேசியாவின் லியாங் புவா குகையில் 2003-இல் கிடைத்த அந்தக் குள்ள மனித இனத்தின் எலும்புகள் நனைந்த பிளாட்டிங் பேப்பர் போல இருந்தன என்று தோண்டியவர்கள் சொன்னார்கள். அந்த நிலையில் மேலே இரண்டு மீட்டர் மண் இருந்தால் எலும்பு உடையாமலேயே வளையும். நம் முதுமக்கள் தாழிகளில் வேறு மாதிரி: தாழி விரிசல் விட்டு மண் இறங்கும்போது மண்டையோடு துண்டு துண்டாகி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

மண் செய்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குப் பிடித்த சோதனை கீழ்த்தாடைதான். தாடை கிடைத்திருந்தால் அதை இரண்டு பக்கக் குழிகளிலும் பொருத்திப் பாருங்கள். இரு முனைகளும் சரியாக உட்கார்ந்து, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தேய்ந்த இடங்களில் ஒன்றையொன்று சந்தித்தால், அந்தக் கோணல் தலையோடுதான் அந்த ஆள் வாழ்ந்து சோறு மென்றிருக்கிறார். ஒரு பக்கம் உட்கார்ந்து மறுபக்கம் அரை விரல் தூக்கிக்கொண்டு நின்றால் மண்ணைச் சந்தேகியுங்கள். இன்னொன்றும் உண்டு. வளரும் தலை ஒரு பக்கம் ஒடுங்கினால் இன்னொரு பக்கம் பிதுங்கி ஈடுகட்டிக்கொள்ளும், ஏனென்றால் உள்ளே மூளை வளர்ந்தாக வேண்டும். மண் நசுக்கிய தலை ஈடுகட்டாது. நசுங்கின இடம் நசுங்கினபடியே இருக்கும், எதிர்ப்பக்கம் தன் பாட்டுக்கு இருக்கும். இந்த ஈடுகட்டலைத் தேடப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மண்ணுக்கு அடுத்தபடி சந்தேகப்பட வேண்டியது நம்மையேதான். இருபது துண்டுகளை ஒட்டி ஒரு மண்டையோட்டை எழுப்பும்போது ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீட்டர் விலகினால், கடைசித் துண்டு வரும்போது இடம் பற்றாது, இல்லை இடம் மிஞ்சும். மாணவனாக இருந்தபோது நான் ஒட்டிய ஒரு மண்டையோட்டில் வலது பொட்டெலும்பைச் சற்றுத் திருப்பி வைத்துவிட்டேன். ஒரு வாரம் முழுக்க 'பக்கவாட்டுக் கோணல்' என்று குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். அசிடோனில் பசையைக் கரைத்து மறுபடி ஒட்டியதும் கோணல் காணாமல் போனது.

மண்ணும் பசையும் இல்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது தையல்களை. மண்டையோடு ஒரே எலும்பு அல்ல. பல தகடுகள் ரம்பப் பல் போன்ற வரிகளில் கோத்து நிற்பவை. அந்த வரிகளைத்தான் தையல் என்கிறோம். குழந்தையில் இவை இறுகாமல் இருப்பதால்தான் தலை வளர முடிகிறது. நாம் எண்ணெய் வைக்கும் உச்சிக்குழி, நெற்றி எலும்பும் இரண்டு பக்க எலும்புகளும் சந்திக்கும் இடத்தில் உள்ள இடைவெளிதான். பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும். உச்சியில் முன்னிருந்து பின்னாக ஓடுவது நடுத்தையல். நெற்றிக்குப் பின்னால் காதுக்குக் காது ஓடுவது முன்தையல். பிடரிக்கு மேலே கூரை போல் இறங்குவது பின்தையல். நெற்றியின் நடுவில் ஒன்று உண்டு, அது முதல் வருஷத்திலேயே பெரும்பாலும் மறைந்துவிடும். மறையாமல் கடைசி வரை இருப்பவர்களும் உண்டு, அது நோயல்ல.

இந்தத் தையல்களில் ஒன்று காலத்துக்கு முன்பே இறுகிப்போனால் என்ன ஆகும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோ 1851-இல் சொன்னார். இறுகிய தையலுக்குக் குறுக்கே வளர்ச்சி நின்றுவிடும், அதன் போக்கிலேயே வளர்ச்சி கூடும். இது ஒன்றை நினைவில் வைத்தால் பெயர்கள் தாமாக வரும். நடுத்தையல் இறுகினால் தலை அகல முடியாமல் முன்னும் பின்னும் நீளும், உச்சியில் தோணியின் அடிப்பாகம் போல ஒரு முகடு எழும்பும். இதுதான் தோணித் தலை, மருத்துவப் பெயர் ஸ்கேஃபோசெஃபாலி. முன்தையல் இரு பக்கமும் இறுகினால் தலை குட்டையாகி அகலும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் நெற்றி ஒரு பக்கம் தட்டையாகி, அந்தப் பக்கக் கண்குழி மேலே இழுத்துக்கொள்ளும். நெற்றித்தையல் சீக்கிரம் இறுகினால் மேலிருந்து பார்க்க முக்கோணம். இன்றைக்கும் சுமார் 2,000 முதல் 2,500 பிறப்புகளுக்கு ஒன்றில் ஏதோ ஒரு தையல் இப்படி இறுகுகிறது. அதில் ஏறக்குறைய பாதி நடுத்தையல்தான், அதிகமும் ஆண் குழந்தைகளில். ஆகவே பெரிய இடுகாடு ஒன்றைத் தோண்டினால் ஒரு தோணித் தலை கிடைப்பது ஆச்சரியமல்ல.

இங்கே மாணவர்கள் வழுக்குகிற இடம் ஒன்று. தையல் மூடியிருக்கிறது என்றதும் 'நோய்' என்று எழுதிவிடுகிறார்கள். வயது ஏற ஏறப் பெரும்பாலோருக்குத் தையல்கள் மூடும்தான். ஐம்பது வயதுக்காரரின் நடுத்தையல் மறைந்திருப்பதில் ஒரு செய்தியும் இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு மறைந்திருந்தால் செய்தி உண்டு. அதனால் முதலில் பல், இடுப்பெலும்பு, நீள எலும்பு முனைகள் இவற்றிலிருந்து வயதைக் கணித்துவிடுங்கள். வளர்ந்தவர் என்றால் தையல் மூடியதை மட்டும் நம்பாமல், தலை அதற்கேற்ப வளைந்திருக்கிறதா, முகடு இருக்கிறதா, வேறு பக்கம் பிதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மண்டையின் அடியில் தண்டுவடம் இறங்கும் பிடரிப் பெருந்துளை வழியாகச் சின்ன டார்ச்சும் பல் மருத்துவரின் கண்ணாடியும் விட்டு உட்புறத்தையும் பாருங்கள். மூளை இடம் பற்றாமல் நெருக்கியிருந்தால் உட்சுவரில் சுத்தியலால் தட்டிய செம்புப் பாத்திரம் போலக் குழிகுழியாக இருக்கும்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் ஸ்பெயினின் அட்டபுயெர்கா மலையில் உள்ள 'எலும்புக் குழி' என்ற ஆழமான குகைக் கிணறு. அங்கே கிடைத்த பதினான்காம் எண் மண்டையோடு ஒரு குழந்தையுடையது. வயது ஐந்துக்கு மேல், பன்னிரண்டுக்குள். நம் இனமே இல்லை, நியாண்டர்தாலின் முன்னோர் வழியைச் சேர்ந்தது. வயது ஏறக்குறைய 4,30,000 ஆண்டு என்று இப்போது கணக்கிடுகிறார்கள். அனா கிராசியாவும் கூட்டாளிகளும் 2009-இல் அதை வெளியிட்டார்கள். இடது பின்தையல் முன்கூட்டியே இறுகியிருந்தது, தலை முழுவதும் அதற்கேற்பத் திருகியிருந்தது, முகம் உட்பட. 'மண் நசுக்கியது' என்று தள்ளிவிட எல்லா வாய்ப்பும் இருந்த மண்டையோடு அது. அந்த ஈடுகட்டல்தான், அதாவது ஒரு பக்கத்தின் இழப்பை மறுபக்கம் சரிக்கட்டிய விதம்தான், இது வாழும்போதே நடந்தது என்று காட்டியது. இவ்வளவு கோளாறோடு ஐந்து வயதைத் தாண்டியது என்றால் கூட்டம் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவர்கள் எழுதியது உலகம் முழுக்கச் செய்தியானது. எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம். மனிதக் குரங்குகளில்கூடத் தாய் குட்டியைச் சில வருஷம் பார்த்துக்கொள்ளத்தான் செய்யும். கூட்டத்தின் கருணையை ஒரு தையலிலிருந்து படிக்க முடியுமா? ஆனால் நோயைக் கண்டறிந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தையல் இறுகுவதைத் தவிர வேறு கோளாறுகளும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளையில் நீர் கோத்த தலை பலூன் போல் பெருத்து, எலும்பு மெலிந்து, கீழே முகம் சின்னதாகத் தொங்கும். சத்துக்குறைவில் வரும் ரிக்கெட்ஸ் தலையைச் சதுரமாக்கும். தலசீமியா போன்ற ரத்தசோகைகளில் எலும்பின் நடு அடுக்கு தடித்துப்போகும். ஏப்பெர்ட் போன்ற மரபணு நோய் என்றால் கைவிரல் எலும்புகளும் ஒட்டியிருக்கும், ஆகவே மண்டையோட்டை மட்டும் பெட்டியில் எடுத்துக்கொண்டு வந்து நோயைச் சொல்லச் சொல்லாதீர்கள். மீதி எலும்புக்கூடும் வேண்டும்.

இனி மனிதக் கை. நம் வீடுகளில் பாட்டிமார் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது தலையை உருட்டிப் பிடித்து, மூக்கை நீவி விடுவதைப் பார்த்திருப்பீர்கள். "ஒரே பக்கமாப் போடாதே, தலை சப்பையாயிடும்" என்று அதட்டவும் செய்வார்கள். இரண்டாவது சொல்வது முழு உண்மை. முதலாவது செய்வதால் நிரந்தரமாக ஒன்றும் ஆகாது. ஒரு நாளில் சில நிமிஷ அழுத்தம் எலும்புக்குப் போதாது. நாள் முழுக்க, மாதக்கணக்கில் விடாமல் இருந்தால்தான் தலை மாறும். 1990-களில் அமெரிக்காவில் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தார்கள். தூக்கத்திலேயே இறந்துபோகும் துயரம் குறைந்தது, கூடவே பின்மண்டை சப்பையான குழந்தைகள் கிளினிக்குகளுக்கு வருவது கூடியது. தையலில் ஒரு குறையும் இல்லை, வெறும் படுக்கைதான் காரணம்.

இதையே வேண்டுமென்று செய்த சமூகங்கள் உலகம் முழுக்க இருந்திருக்கின்றன. வகைப்படுத்தலில் இன்றும் அடிப்படையாக நிற்பது அர்ஜென்டினாவில் டெம்போவும் இம்பெல்லோனியும் 1938-இல் வெளியிட்ட பிரிவினை. பலகை அல்லது அட்டை வைத்து நெற்றியிலும் பிடரியிலும் அழுத்தினால் அது பலகை வகை: முன்னும் பின்னும் தட்டையான தளங்கள், இரு பக்கமும் பிதுக்கம். துணியையோ கயிற்றையோ தலையைச் சுற்றிக் கட்டினால் அது கட்டு வகை: பிதுங்க எங்கும் வழியில்லாமல் தலை மேலும் பின்னும் கூம்பாக எழும். இரண்டிலும் பிடரி நிமிர்ந்து நிற்கிறதா, சாய்ந்து போகிறதா என்று நிமிர், சாய் என்ற உட்பிரிவுகள். கட்டு வகையை விரலாலேயே கண்டுபிடிக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு நெற்றியிலிருந்து உச்சிக்கு விரலை ஓட்டுங்கள். முன்தையலைத் தாண்டியதும் விரல் ஒரு ஆழமில்லாத பள்ளத்தில் இறங்கி ஏறும். அந்தப் பள்ளம் இரு பக்கமும் காதுக்குப் பின்னால் வரை வளையமாகப் போகும். துணி இருந்த தடம் அது. தோணித் தலையில் இந்த வளையம் இருக்காது, முகடுதான் இருக்கும். நீளத்தில் இரண்டும் ஒன்று போலவே இருந்தாலும் விரலுக்கு வேறுபாடு உடனே தெரியும்.

இது ஏதோ தூர தேசத்துக் காட்டு வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரான்சின் துலூஸ் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டிலும் குழந்தைகளுக்குத் தலைக்கட்டு கட்டி, நெற்றி பின்சாய்ந்த பெரியவர்கள் சாதாரணமாக நடமாடினார்கள். பால் ப்ரோகா 1871-இல் இதைப் பற்றித் தனியே எழுதினார். காங்கோவின் வடகிழக்கில் மங்பேட்டு மக்களின் கூம்புத் தலை போன நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இருந்தது. ஜெர்மனியின் பவேரியாவில் கி.பி. 500-ஐ ஒட்டிய இடுகாடுகளில் நீளத் தலைப் பெண்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 2018-இல் அவர்களின் மரபணுவைப் பார்த்தபோது, உள்ளூர் ஆண்கள் வடக்கு, மத்திய ஐரோப்பியர்களைப் போல இருக்க, இந்தப் பெண்களில் பலர் தென்கிழக்கு ஐரோப்பியச் சாயல் கொண்டவர்களாக இருந்தார்கள். தலை வடிவம் குழந்தையிலேயே முடிந்துபோவது. ஆகவே பெரியவர்களாகத்தான் அந்த ஊருக்கு வந்திருக்கிறார்கள், அநேகமாக மணமாகி.

சரி, இப்போது காலிப்பர். அடிப்படையாக மூன்று அளவு. புருவ மத்தியிலிருந்து பின்மண்டையின் தொலைவான புள்ளி வரை நீளம். எங்கே அதிகமோ அங்கே குறுக்கு அகலம். பிடரிப் பெருந்துளையின் முன்விளிம்பிலிருந்து நடுத்தையலும் முன்தையலும் சந்திக்கும் புள்ளி வரை உயரம். நீளத்துக்கும் அகலத்துக்கும் நுனி வளைந்த காலிப்பர் வேண்டும், கடையில் கிடைக்கும் நேர்க்கால் காலிப்பர் உதவாது. மண்டையோட்டை எல்லோரும் ஒரே நிலையில் வைத்து அளக்க 1884-இல் ஃபிராங்ஃபர்ட் தளம் என்று ஒன்றை ஒப்புக்கொண்டார்கள்: கண்குழியின் கீழ்விளிம்பும் காதுத் துளைகளின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில். கோணல் மண்டையில் காதுத் துளைகளே ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இருக்கும் என்பதால் இந்தத் தளமும் சாயும். அதைக் குறித்துவைக்காமல் புகைப்படம் எடுத்தால் பின்னால் வருபவர் ஏமாறுவார்.

அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் தலைக் குறியீட்டெண். சுவீடனின் ஆண்டர்ஸ் ரெட்சியஸ் 1840-களில் கொண்டுவந்தது. 75-க்குக் கீழே நீளத் தலை, 75 முதல் 80-க்குள் நடுத்தரம், 80-உம் அதற்கு மேலும் அகலத் தலை. கேட்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! ஒரு கணக்கு போடுவோம். நீளம் 183 மி.மீ., அகலம் 137 மி.மீ. குறியீடு 74.9, நீளத் தலை. மறுநாள் அதே மண்டையோட்டை அளக்கிறீர்கள், அகலம் 138 வருகிறது. குறியீடு 75.4, நடுத்தரத் தலை. ஒரே மண்டையோடு ஒரே ராத்திரியில் வகை மாறிவிட்டது. ஒரு மில்லிமீட்டர் தவறு யார் கையிலும் வரும். அதனால் இந்தப் பெயர்களை நான் பேச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்வேன், முடிவுக்கு அல்ல.

கோளாறைத் தேடுவதற்கு அதைவிடப் பயனுள்ளது வில்லும் நாணும். மூக்கின் வேரிலிருந்து, நடுத்தையலும் முன்தையலும் சந்திக்கும் அந்த உச்சிப் புள்ளி வரை காலிப்பரில் நேர்த் தூரம் எடுத்தால் அது நாண். அதே இரண்டு புள்ளிக்கு நடுவே எலும்பின் மேலேயே டேப்பை ஓட்டினால் அது வில். நாண் 110, வில் 125 என்றால் விகிதம் நூற்றுக்கு 88. நெற்றி நன்றாக வளைந்திருக்கிறது. நாண் 113, வில் 119 என்றால் ஏறக்குறைய 95. அந்த நெற்றி தட்டை. இதையே உச்சிக்கும் பிடரிக்கும் செய்தால் எந்த எலும்பு வளைவை இழந்தது, எது கூடுதலாக வளைந்து ஈடுகட்டியது என்று மூன்று எண்ணில் கிடைத்துவிடும். பக்கவாட்டுக் கோணலுக்கு இடது, வலது மூலைவிட்டங்களை அளந்து வித்தியாசத்தைச் சதவீதமாக்குவார்கள். குழந்தை மருத்துவத்தில் 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் கோணல் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். எலும்புக்கூட்டில் அதே கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது, ஏனென்றால் மண்ணும் பசையும் சேர்ந்துதானே அந்த எண்ணைத் தந்திருக்கின்றன.

எந்த எண்ணானாலும் அதே இடுகாட்டின் மற்ற மண்டையோடுகளோடுதான் ஒப்பிட வேண்டும். எல்லோருக்குமே தலைக் குறியீடு இயல்பாக 71, 72 என்று இருக்கும் ஒரு கூட்டத்தில் 69 வந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. எல்லோரும் 82 இருக்கும் இடத்தில் 69 வந்தால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் அட்டவணையை மட்டும் நம்பியதால் வந்த வினைகள் பல. அமெரிக்காவின் தென்மேற்கில் பழைய அடுக்குகளில் நீளத் தலைகளும் மேலடுக்குகளில் அகலத் தலைகளும் கிடைத்ததைப் பார்த்து, ஒரு இனத்தை இன்னொரு இனம் வந்து ஒழித்துவிட்டது என்று ஒரு சரித்திரமே எழுதினார்கள். நடந்தது என்ன? ஏறக்குறைய கி.பி. 700-க்கும் 900-க்கும் இடையில் அந்த மக்கள் மெத்தென்ற தொட்டில் பலகையை விட்டுக் கெட்டிப் பலகைக்கு மாறியிருந்தார்கள். பின்மண்டை தட்டையானது, அகலம் கூடியது, குறியீடு ஏறியது. கார்ல் செல்ட்சர் 1944-இல் இதைப் பிரித்துக் காட்டினார். அதே மக்கள், வேறு தொட்டில்.

நம் பக்கத்துக் கதையும் இதில் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் காலிப்பரோடு தென்னிந்தியா முழுக்கச் சுற்றி உயிரோடிருந்தவர்களின் தலையையும் மூக்கையும் சாதி வாரியாக அளந்தார். அவர் நூல் 1909-இல் ஏழு தொகுதியாக வந்தது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த மண்டையோடுகளை சாலி சுக்கர்மன் 1930-இல் சென்னை அருங்காட்சியக வெளியீட்டில் விவரித்தார். அந்தக் காலத்தில் யார் அளந்தாலும் கடைசியில் எந்த இனப் பெட்டியில் போடுவது என்ற கேள்வியில்தான் போய் நிற்பார்கள். பிலடெல்ஃபியாவில் சாமுவேல் மார்ட்டன் மண்டையோடுகளுக்குள் விதைகளையும் அப்புறம் ஈயக் குண்டுகளையும் கொட்டிக் கொள்ளளவு பார்த்து இனங்களுக்கு வரிசை போட்டார். அவர் அளவைத் திரித்தார் என்று பின்னால் குற்றச்சாட்டு எழுந்தது. 2011-இல் ஒரு குழு அதே மண்டையோடுகளை மறுபடி அளந்தபோது அவர் எண்கள் பெரும்பாலும் சரி என்று வந்தது. எனக்கு இதுதான் இன்னும் உறைக்கிறது. கை நடுங்காமல் சரியாக அளந்துவிட்டு, கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டிருக்கிறார். மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1912-இல் நியூயார்க்கில் குடியேறியவர்களையும் அங்கே பிறந்த அவர்கள் பிள்ளைகளையும் அளந்து, ஒரே குடும்பத்துக்குள் தலைக் குறியீடு நகர்வதைக் காட்டினார். எவ்வளவு நகர்ந்தது என்பதில் இன்றும் சண்டை உண்டு.

எகிப்திலும் இதன் சின்னப் பதிப்பு ஒன்று நடந்தது. அரசர் அக்கெனாதெனின் சிலைகளில் தலை நீண்டிருப்பதைப் பார்த்து அவருக்கும் துட்டன்காமூனுக்கும் ஏதோ நோய் என்று பல பத்தாண்டுகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2010-இல் வெளியான சி.டி. ஸ்கேன் ஆய்வில் துட்டன்காமூனின் குறியீடு 83.9, அக்கெனாதெனுடையது என்று அந்த ஆய்வு சொன்ன உடலுக்கு 81. இரண்டுமே அகலத் தலை. சிலை என்பது சிலை.

இப்போது பெரும்பாலும் சி.டி. ஸ்கேனில்தான் வேலை. மண்டையோட்டின் மேல் முப்பரிமாணத்தில் நிறையப் புள்ளிகளைக் குறித்து, இரண்டு மண்டையோடுகளின் இடம், அளவு, திருப்பம் மூன்றையும் ஒன்றாக்கிவிட்டு, மிச்சமிருக்கும் வடிவ வேறுபாட்டை மட்டும் பார்ப்பார்கள். இதற்கு ப்ரொக்ரஸ்டஸ் முறை என்று பெயர். விருந்தாளி நெட்டையாக இருந்தால் காலை வெட்டியும் குட்டையாக இருந்தால் இழுத்தும் தன் கட்டிலுக்குச் சரிசெய்த கிரேக்கக் கதைத் திருடனின் பெயர் அது. வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு. கோணலுக்கு இன்னும் எளிய வழி, மண்டையோட்டின் கண்ணாடி பிம்பத்தை அதன் மேலேயே பொருத்திப் பார்ப்பது. லியாங் புவா மண்டையோட்டின் கோணலை வைத்து 'இது புது இனமல்ல, நோயாளி' என்று ஒரு தரப்பு வாதிட்டபோது, கைஃபூ யோசுகேயின் குழு 2009-இல் அது குழந்தையில் ஒரே பக்கமாகப் படுத்ததால் வரும் சாதாரணப் பின்மண்டைச் சப்பை என்று விளக்கியது. பாட்டி அதட்டுவாரே, அதேதான்.

இனி பராகாஸ். பெருவின் தொல்லியலாளர் ஹூலியோ டெல்லோ 1920-களில் அங்கே தோண்டினார். வாரி கயான் என்ற இடத்தில் மட்டும் 429 துணிப் பொதிச் சடலங்கள். வீடியோக்கள் இரண்டு விஷயத்தைப் பிடித்துக்கொள்கின்றன: கொள்ளளவு மனிதரைவிடக் கூட, உச்சியில் நடுத்தையல் இல்லை. கட்டுவதால் மூளை பெருக்காது. பலூனை அமுக்கினால் காற்று கூடுவதில்லை. மனிதரின் கொள்ளளவே ஆளுக்கு ஆள் நூற்றுக்கணக்கான கன சென்டிமீட்டர் மாறும், அதில் பெரிய ஒன்றை மட்டும் பொறுக்கிக் காட்டினால் பிரமிப்பாகத்தான் இருக்கும். நடுத்தையல் மறைவது பற்றி மேலே சொன்னேன். வளர்ந்தவர் மண்டையோட்டைக் காட்டிவிட்டு 'பிறவியிலேயே இல்லை' என்று சொல்ல முடியாது. கட்டின தடம்தான் தெளிவாக இருக்கிறதே, முன்தையலுக்குப் பின்னால் அந்தப் பள்ளம். தவிர, ஆண்டீஸ் மலைப்பகுதியில் இந்த வழக்கம் ஸ்பானியர் வந்த பிறகும் நடந்தது. 1586-இல் கோல்கா பள்ளத்தாக்கைப் பற்றி எழுதிய உயோவா மொகொயோன் என்ற அதிகாரி, கொயாகுவா மக்கள் தங்கள் முன்னோர் கொயாகுவாத்தா என்ற எரிமலையிலிருந்து வந்தவர்கள் என்று நம்பி, அந்த மலை மாதிரியே பிள்ளைகளின் தலையை உயரமாகக் கட்டினார்கள் என்று குறித்திருக்கிறார். பக்கத்திலேயே இருந்த கவானா மக்கள் தலையை அகலமாக்கிக் கொண்டார்கள். தலையைப் பார்த்தாலே யார் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். ஸ்பானிய ஆட்சியும் தேவாலயமும் இதற்குத் தடை போட்டன. கட்டாமல் வரும் தலைக்கு யாராவது தடை போடுவார்களா?

உங்களுக்கு நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். துண்டுகளை ஒட்டும் முன் ஒவ்வொன்றையும் அளவுகோலோடு படமெடுத்துவிடுங்கள். பதிவுத் தாளில் 'வடிவம்', 'காரணம்' என்று இரண்டு தனிக் கட்டம் போடுங்கள். 'நெற்றி தட்டை, பிடரி தட்டை, இரு பக்கமும் பிதுக்கம்' என்பது வடிவம். 'பலகை வகை' என்பது உங்கள் கருத்து. பத்து வருஷம் கழித்து வருகிறவர் கருத்தை மாற்றலாம், வடிவத்தை நீங்கள் எழுதியிருந்தால்தான் அதுவும் முடியும். அப்புறம் அருகில் உள்ள மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் அனுமதி கேட்டு இருபது மண்டையோடுகளை அளந்து பாருங்கள். ஒரு வாரம் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல், அதே இருபதையும் மறுபடி அளங்கள். நீளம் அநேகமாக ஒத்துவரும். அகலத்தில்தான் கை விலகும், ஏனென்றால் அதற்கு நிலையான புள்ளி கிடையாது, எங்கே அதிகமோ அதுதான். உங்கள் கை எவ்வளவு விலகுகிறது என்ற அந்த எண்ணை ஆய்வேட்டின் முதல் அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள்.